குதிகாலில் கருப்புப் புள்ளிகள்

2014-இல் ஒரு மாலை. நெய்வேலியில் டாக்டர் என் மகளின் குதிகாலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "கால் ஆணி இல்லைங்க, மரு" என்றார். அதன் நடுவில் மூன்று கருப்புப் புள்ளிகள். அதே புள்ளிகளைச் சின்ன வயதில் அப்பாவின் காலில் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்த அப்பாவுக்கு, பர்மனென்ட் ஆவதற்கான மெடிக்கல் டெஸ்ட் மறுநாள். நொண்டினால் வேலை கிடைக்காது. வெந்நீரில் ஊறவைத்த குதிகாலைப் புது பிளேடால் சீவினார். அடிப்பக்கம் அவருக்குத் தெரியாததால், நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கருப்பா இருக்குதே, அதான் ஆணியோட வேரு. வந்துடுச்சா?"

"இல்லப்பா."

மேலும் சீவினார். ரத்தம் கசிந்தது; புள்ளிகள் போகவில்லை.

"புள்ளைய எதிர்ல வெச்சுகினு ஏங்க இப்படி அறுக்கறீங்க?" என்று அம்மா கத்தினாள்.

"நாளைக்கு டாக்டர் முன்னாடி நீயா நடக்கப்போற? சும்மா இரு. இப்ப வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுப்பா" என்றேன். பிளேடைக் கீழே வைத்தார்.

மறுநாள் நேராக நடந்து தேறிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் நொண்டிய நாளெல்லாம், வேரை விட்டுவைத்தது நான்தான் என்று பயந்தேன்.

"அந்தக் கருப்பு, வேரா டாக்டர்?" என்று மகளின் காலைக் காட்டிக் கேட்டேன்.

"வேரே கிடையாதுங்க, உறைஞ்ச ரத்தம். பிடுங்க ஒண்ணுமில்ல. தினம் மருந்து தடவுங்க, பிளேடு வேணாம்."

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, வேர் வந்துவிட்டதாக அன்று சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்மா," என்றார். "மறுநாள் காலைல ஷூ போட்டதுமே குத்துச்சே."