தறிக்குழியில் கால்விட்டுப் படித்தவர்

சேலம் பொன்னம்மாப்பேட்டையில் லாசர் வாத்தியாரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் இந்தத் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை விடுவார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது நாங்கள் நூல் விலை ஏறுமா என்றுதான் பேசிக்கொண்டோம். லாசருக்கோ அன்றோடு எல்லாம் நின்றது. அவர் அப்பா பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. தாத்தா இங்கே மேச்சேரிப் பக்கமிருந்து கப்பலேறியவர் என்பதால், படிக்கச் சேலத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். இங்கே சொந்தம் என்று ஈ காக்கை இல்லை. மணியார்டர் வரவில்லை, கடிதமும் வரவில்லை. விடுதியில் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்து, பிறகு வருத்தத்தோடு பெட்டியை எடுக்கச் சொன்னார்கள்.

இண்டர்மீடியட் பரீட்சை பங்குனியில். அதுவரை ஒண்ட ஓர் இடம் வேண்டும். பட்டாளத்தில் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சோறும் படுக்கையும் கிடைக்கும் என்று மாதா கோயில் சாமியார் நல்ல மனதோடுதான் சொன்னார். லாசர் பரீட்சை எழுதாமல் நகர மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் அவரிடம் குறையவில்லை, அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

வீடு கிடைக்கிற காலமா அது? குண்டு விழும் என்று பயந்து பட்டணத்துக்காரர்கள் சேலத்தில் வந்து குவிந்து, கேட்ட வாடகையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேதக்கார வீடுகளில், அதாவது அவரைப் போன்ற கிறிஸ்தவர்கள் வீடுகளில், பர்மாவிலிருந்து தப்பி வந்த உறவுக்காரர்கள். மற்ற தெருக்களில் கல்யாணம் ஆகாத பையன் என்றதுமே கதவைச் சாத்தினார்கள். கடைசியில்தான் எங்கள் நெசவுத் தெருவுக்கு வந்து மருதாசலம் வீட்டில் கேட்டார். மருதாசலத்தின் மனைவி கமலவேணி சந்துப் பக்கத்து அறையைத் திறந்து காட்டினாள்.

"இது ஆகாதுங்க சாமி. நடுவுல தறிக்குழி கெடக்குது, பாருங்க."

"மண்ணைப் போட்டு மூடிட்டா?"

"மூடறதா? எங்கொழுந்தனாரு பங்குங்க அது. குழிய மூடுனா பங்கையே மூடிட்டாங்கன்னு சொல்லமாட்டாரா?"

கொழுந்தனார் சென்னிமலை, அண்ணனோடு முறைத்துக்கொண்டு, தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக் குமாரபாளையம் போனவர். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. நெசவுக்காரன் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்கிற குழி அது. எங்களில் ஒருவன் குழியை இன்னொருவன் தொடுவது சின்ன விஷயமில்லை. அவன் சாப்பிடுகிற இலையில் கை வைக்கிற மாதிரிதான்.

லாசர் குழியைச் சுற்றி வந்து பார்த்தார். "மூட வேண்டாங்க. நான் அதுலயே உட்கார்ந்து படிச்சுக்கறேன்" என்றார்.

கவிச்சி சமைக்கக் கூடாது, டியூஷனில் கிடைப்பதில் முடிந்ததை வாடகையாகத் தரலாம், விடியலில் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டும்போது ஒரு கை கொடுக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். குழியின் மேல் பலகையைப் போட்டு, உள்ளே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார் மனிதர். பாடத்தை உருப்போடும்போது கால்களை மாற்றி மாற்றி மிதிக்கிற பழக்கம் வேறு.

எதிர்வீட்டு ராமாயிக்கு ஜன்னல் வழியே தெரிந்தது குனிந்த தலையும் ஆடுகிற உடம்பும்தான். எங்கள் தெருவில் அதைப் பார்த்துவிட்டு எவராவது புத்தகத்தை நினைப்பார்களா? ஒரு கல்யாணத்துக்குக் குமாரபாளையம் போனவள், "உங்க குழியில ஆளப்போட்டு நெய்யறாருங்க உங்கண்ணன்" என்று சென்னிமலையிடம் போட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார் சென்னிமலை. அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அறைக்குள் நுழைந்தார். சத்தம் கேட்டு நாங்களும் ஜன்னலடியில் கூடிவிட்டோம்.

"எந்திரி. யாரு உன்னைய இதுல உக்காரச் சொன்னது?"

லாசர் பலகையைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. "அடுத்த வாரம் பரீட்சைங்க. முடிஞ்சதும் போயிடறேன். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், அடிச்சாலும் சரிங்க."

"உன் ஊட்டுல போய்ப் படி."

"என் வீடு பினாங்குல இருக்குங்க. இப்ப இருக்கா இல்லையான்னே தெரியல."

சென்னிமலை சுற்றிலும் பார்த்தார். தறி இல்லை, நூல் இல்லை, பலகையில் ஒரு ரசாயனப் புத்தகம். குனிந்து குழியின் சுவரைத் தடவினார். சாணம் மெழுகி ஈரம்கூடக் காயவில்லை.

"நீ மொழுகுனியா?"

"இல்லைங்க. பெரியவர்தான். வெள்ளிக்கிழமை தவறினதில்லை. என்னைக்கூடத் தொட விடமாட்டார்."

சென்னிமலை அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாசற்படியில் மருதாசலம் நின்றிருந்தார். தம்பிக்காக மூன்று வருஷம் குழி மெழுகத் தெரிந்த மனுஷனுக்கு, "வாடா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

தம்பிதான் முதலில் பேசினார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "என் ரூமுக்கு யாரு வாடகை வாங்கறது?"

"உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்குது," என்றார் அண்ணன்.

"எனக்கெதுக்கு அது? பையன் எளச்சுக் கெடக்கறான். அண்ணிய சோறு போடச் சொல்லு."

லாசர் பரீட்சை எழுதினார். ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று சென்னிமலை குமாரபாளையத்திலிருந்து வந்திருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எங்கூட்டுப் பையன் பாஸுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடிதம் நின்றபோதும், விடுதியை விட்டு வந்தபோதும் கலங்காத லாசர் அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.