சிம்ராவின் இடது காது

அன்புக்கரசிக்குச் சினிமா பிடிக்காது. சினிமாக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு எப்படிப் பிடிக்கும்? அவள் புருஷன் கருணாகரன் கோடம்பாக்கத்தில் உடை உதவியாளர். அவளும் நானும் ரங்கநாதன் தெருவில் ஒரு மாடியில், பக்கத்துப் பக்கத்து மெஷினில், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறோம். அதனால் அவள் வயிற்றெரிச்சலெல்லாம் என் காதில்தான் கொட்டும்.

அவளுக்குப் புது போன் வாங்கித் தந்த அன்றே வினை ஆரம்பித்தது. கடைக்காரர் மெயில் ஐடி கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் ஒண்ணே போதும் சார்" என்று கருணாகரன் தன்னுடையதையே போட்டுவிட்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு எதற்கு என்று பெருமை வேறு. அன்றிலிருந்து அவன் எடுக்கும் படமெல்லாம் இவள் போனிலும் வந்து விழுந்தது.

எல்லாம் சிம்ரா. அவன் வேலை பார்க்கும் சினிமாவின் கதாநாயகி. ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்தி வேறொரு நாள் எடுக்கும்போது கம்மல், வளையல், கொசுவம் எதுவும் மாறக் கூடாது. மாறினால் திரையில் பல்லிளிக்கும். அதற்காகக் காது, கழுத்து, இடுப்பு என்று கிட்டே போய்ப் படமெடுத்து வைப்பது அவன் வேலை.

"வேலதான்னு தெரியும்க்கா. தெரிஞ்சும் எரியுது. அவ காதுக்குப் பின்னாடி கீற மச்சத்தக்கூட எடுத்து வெச்சிக்கீறான். எனக்கு மச்சம் எங்க கீதுன்னு கேளு, முழிப்பான்."

மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பார்க்காதேடி என்றால் கேட்கவே மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை காலை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு அவன் முன்னால் ரெண்டு தரம் நடந்திருக்கிறாள். அவன், "குடை எங்க?" என்று கேட்டிருக்கிறான். மதியம் பட்டுப்புடவையில் சிம்ரா வந்து விழுந்தாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வரை அந்தப் படங்களையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு அத்தனையையும் அழித்தாள். போனின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். தன் போனில் மட்டும்தான் போகும் என்று நினைத்தாள் பாவி. கணக்கு ஒன்று என்பதால் அவன் போனிலும் போய்விட்டது.

திங்கட்கிழமை அவனிடமிருந்து அழைப்பு. கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அன்பு, போன்ல ஒரு படமும் இல்ல. அந்தப் பட்டுப்புடவ சீனுக்கு மிச்சம் இன்னிக்கு எடுக்கறாங்க. மத்தவங்க எடுத்தது எல்லாம் தூரத்துப் படம், ஒண்ணும் தெரில. டைரக்டர் கத்திக்கினு கீறாரு. வேல பூடும் போல. உன் போன்ல எதுனா கீதா பாரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அழிச்சேன். சொல்றேன், எழுதிக்கோ." கண்ணை மூடிக்கொண்டாள். "இடது காதுல ஜிமிக்கி, அதுக்கு மேல இன்னொரு ஓட்டயில சின்ன வெள்ளக் கல்லு. வலது காதுல கல்லு இல்ல. கையில பச்ச வளையல், நடுவுல ஒரே ஒரு தங்க வளையல். கொசுவத்துல கடைசி மடிப்பு வெளிய தள்ளிக்கினு இருக்கணும். தலையில கனகாம்பரம், வலது தோள் மேல."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"காப்பாத்திட்ட அன்பு! எப்டி இம்மாம் கரீட்டா சொல்ற?"

"வயித்தெரிச்சல்ல பாத்தது மறக்குமா? சரி, நீ சொல்லு. காலைல சோறு கட்டிக் குடுத்தேனே, நான் இன்னா கலரு துணி போட்டுக்கினு இருந்தேன்?"

அங்கே யாரோ ஷாட் ரெடி என்று கத்தினார்கள். அவள் போனை வைக்கவில்லை. நானும் மெஷினை மிதிக்காமல் காத்திருந்தேன்.