முன் சீட்டில் அத்தை

காதைக் குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஃப்ரிட்ஜ்காரர். அந்த நேரத்தில் யாராவது பேசினால் ஒரு விரலைத் தூக்கி அடக்குவார். கொஞ்சம் பொறுத்து, "மூச்சு வாங்குதுங்க" என்பார். கம்ப்ரசர் போய்விட்டது என்று பொருள். முன்பெல்லாம் அதோடு விடமாட்டார். "இது எத்தன நாளா அழுதுட்டு இருக்கு, வீட்ல ஒருத்தர் காதுலயுமா விழல?" என்று ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பார். இப்போது மூச்சு வாங்குவதைச் சொல்வதோடு சரி.

ஐம்பதைத் தொட்ட ஆள். தொப்பையைப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே நுழைக்க அவர் படும் பாட்டைப் பார்த்தே பாதி வாடிக்கையாளர்கள் சிநேகிதர்களானார்கள். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய வேன்தான். பின்னால் கேஸ் சிலிண்டர், செம்புக் குழாய்ச் சுருள், குழாயைப் பற்றவைக்கும்போது தூவுகிற வெங்காரப் பொடி ஒரு டப்பாவில். முன் சீட்டு மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். அது மாமியாரின் இடம்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அம்மாளை வாரா வாரம் பயிற்சிக்கு அழைத்துப்போவது இவர் பொறுப்பு. இருவருக்குமே வாய் ஓயாது.

"அத்தை, உங்க முட்டிக்கு என் வண்டி கிளட்ச்சே தேவல."

"இந்த வண்டில ஏறி எறங்கித்தான் மாப்பிள்ளை என் முட்டியே போச்சு."

வழி நெடுக இதே கச்சேரி. பெற்ற மகளிடம்கூட அந்த அம்மாள் இவ்வளவு பேசியதில்லை. "அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா சிரிக்கிறதே உங்க வேன்லதான்" என்று ஃப்ரிட்ஜ்காரரின் மனைவி சொல்வார். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அப்படிப் போன ஒரு பிற்பகலில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போலீஸ் கை காட்டியது. இரண்டு பேர். பின் விளக்கு ஒன்று எரியவில்லை என்றார் மூத்தவர். "இன்னைக்கே மாத்திடறேன் சார்" என்றார் இவர். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இளையவர் பின்கதவைத் திறந்து குடைந்து, டப்பாவோடு வந்தார்.

"என்ன இது?"

"வெங்காரம் சார். பைப்பு பத்தவைக்கிற பொடி."

"யார்கிட்ட கத விடற?"

பொடியைச் சாலையில் கொட்டிக் காலால் கிளறினார்கள். இவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு பேன்ட்டை.

"சார், வண்டில என் மாமியார் இருக்காங்க. ஸ்டேஷனுக்கு வேணா வரேன். அங்க வச்சுப் பாத்துக்குங்க."

"அப்ப என்னமோ ஒளிச்சு வச்சிருக்க" என்றார் மூத்தவர்.

"எங்க மாப்பிள்ளைங்க அவரு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பாக்கறவரு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஏம்மா, நீ பேசாம உக்காரு" என்ற இளையவர், அவருடைய கைப்பையையும் பிடுங்கி வேனின் முன்பக்கத்தில் கவிழ்த்தார். மாத்திரைகள், சீப்பு, ஒரு மாற்றுப் புடவை, பெற்ற மகளுக்கே தெரியாமல் அவர் அணிந்துவந்த பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு. இளையவர் அதையும் பிரித்துப் பார்த்தார்.

பேன்ட்டுக்குப் பிறகு மிச்சமிருந்ததையும் இறக்கச் சொன்னார்கள். காலை அகட்டச் சொன்னார்கள். குனியச் சொன்னார்கள். பேருந்துக்கு நின்றவர்களில் சிலர் திரும்பிக்கொண்டார்கள், சிலர் திரும்பவில்லை. அந்த அம்மாள் முகத்தை வெடுக்கென்று திருப்பினார். பக்கவாட்டுக் கண்ணாடியிலும் மாப்பிள்ளைதான் நின்றிருந்தார்.

ஒன்றும் கிடைக்கவில்லை. "போ, லைட்ட மாத்து" என்றார்கள்.

சிதறிக்கிடந்த ஸ்பேனர்களை அவர் பொறுக்கிப் போட்டார். கைப்பையை அந்த அம்மாளே தட்டுத்தடுமாறி நிரப்பிக்கொண்டார். மருத்துவமனை வாசல்வரை வேனில் பேச்சில்லை. இறங்கும்போது, எங்கோ பார்த்தபடி, "பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். அந்த நாளைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ்காரர் புகார் கொடுக்கப் போகாமல் இல்லை. எழுதிக்கொள்ள உட்கார்ந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"காசு கேட்டாங்களா?"

"இல்லீங்க. அவுக்கச் சொன்னாங்க."

"சோதனைன்னா அப்படித்தான். சரி, நேர்ல பாத்த சாட்சி யாராவது?"

ஃப்ரிட்ஜ்காரர் வாயைத் திறந்தார். அத்தையை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், எதுவரை பார்த்தீர்கள் என்று இந்த மனிதர் கேட்பதை நினைத்துப் பார்த்தார். "பரவாயில்லீங்க, விடுங்க" என்று எழுந்து வந்துவிட்டார்.

விளக்கை அன்றே மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வேனை நிறுத்துகிறார்கள். ஒரு தடவை சோதித்த வண்டி என்று எங்கோ பதிவாகியிருக்கிறதாம். சந்துபொந்தெல்லாம் சுற்றிப் போகிறார். வாடிக்கையாளர்களிடம் தாமதத்துக்குத் திட்டு வாங்குகிறார். அந்த அம்மாள் ஆட்டோவில் போகிறார். வீட்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் அடுக்களைக்குள் போய்விடுவார், இன்னொருவர் செருப்பைத் தேடுவார். மனைவி இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

போன வாரம் மழை. ஆட்டோ கிடைக்கவில்லை. "ரெண்டு பேருக்குள்ள என்ன சண்டையோ எனக்குத் தெரியாது. இன்னைக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க" என்று மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் முன் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். பாதி வழியில், "கிளட்ச் எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார். "தேவல அத்தை" என்றார் இவர். வேறு ஏதோ சொல்லவும் வாயெடுத்தார்.

பாலத்தடியில் மழைக்கோட்டு போட்ட ஒருவர் கை காட்டினார்.

ஃப்ரிட்ஜ்காரர் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைகளை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டார். மழைக்கோட்டுக்காரர் இன்னும் வேனை நெருங்கவில்லை. அந்த அம்மாளுக்கு மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் நீட்டிய தன் கைகூடப் புகையாகத்தான் தெரியும். அவர் அதைக் கழற்றி, மடக்கி, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தார்.