நீலச் சுடிதாருக்குப் பக்கத்து இருக்கை

தியேட்டரில் இடம் காட்டும் வேலைக்கு ஒரே ஒரு விதிதான்: டார்ச் வெளிச்சம் தரையில் விழ வேண்டும், யார் முகத்திலும் விழக் கூடாது. செங்கல்பட்டில் ஒரு பழைய தியேட்டரில் பதினொரு வருஷமாக அந்த விதிப்படி டிக்கெட் கிழித்து இடம் காட்டுகிறேன். எங்களிடம் சீட் நம்பர் பார்க்கிற வழக்கம் இல்லை. நான் காட்டுவதுதான் உங்கள் இடம். நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலைவலியோடு வீட்டுக்குப் போன படத்தை, கதவோரம் நின்று ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் படங்களைப் பற்றி உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

டீச்சரின் காபி

கல்பாக்கத்திலிருந்து ஒரு ரிடையர்டு டீச்சர் கணவரோடு வருவார். பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர். கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவார். உள்ளே விசில் சத்தம் அடங்கும்வரை என் பக்கத்தில் நின்று காபி குடிப்பார். கணவர் வந்து கூப்பிட்டதில்லை. அவருக்கு அது பழகிவிட்டது.

ஒரு நாள், "உள்ள போகலையா டீச்சர்?" என்று கேட்டேன். கப்பை நிதானமாகக் காலி செய்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு ஆரம்பிச்சதும் சொல்லும்மா. அறை வாங்கினவ அவன்கூடவே ஆடிக்கிட்டிருப்பா. கன்னம் வீங்கியிருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்."

கூடை

தேசம்மா மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் ஊர் மார்க்கெட்டில் விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும். காலி அன்னக்கூடையை என் கதவோரம் கவிழ்த்து வைத்துவிட்டு மேட்னிக்குப் போவாள். ஒரு படத்தில் கதாநாயகியும் மீன்காரி. முழங்காலுக்கு மேல் சேலை, முதுகில்லாத ரவிக்கை, தலையில் கூடை, கடற்கரையில் ஆறு நிமிஷப் பாட்டு. ஆண்கள் போட்டது ஒரே கூச்சல். தேசம்மா சத்தம் காட்டாமல் பார்த்தாள்.

படம் விட்டதும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். காலிக் கூடைதான், ஆனாலும் ஒரு கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. "அவ கட்னது இன்னா, கட்டாதது இன்னா, அத்த வுடு வசந்தா. அம்மாந்நேரம் கூடையோட குதிக்கிறாளே, ஒரு தபாவாச்சும் கழுத்தப் புடிச்சாளா?"

எத்திராஜ் அண்ணனின் கடிகாரம்

மேலே ரூமில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் எத்திராஜ் அண்ணன் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. "ஈரோயின் மழையில நனைஞ்சா முக்கா மணி. அம்மாக்காரி நெஞ்சப் புடிச்சா இன்டர்வெல்லு. டீக்குச் சொல்லிடு."

பவானி

பவானி சிங்கப்பெருமாள் கோயிலில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். ஆறு நாள் வேலை, ஞாயிறு மேட்னி. தனியாகத்தான் வருவாள். எந்தப் படமானாலும் சரி, நடு வரிசையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வாள். அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு எழுந்தாலும் வேலையிலிருந்து நிறுத்திக் கூட்டிப்போய்விடுவதாக அவள் அண்ணன் சொல்லியிருந்தான்.

"படம் நல்லாவே இருக்காது, அப்புறம் ஏன் வாராவாரம் வரே?" என்றேன் ஒரு தடவை.

"மூணு மணி நேரம் யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க இல்லக்கா."

என் தவறு

அந்த ஞாயிறு படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் இருக்கும். இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் இரண்டு கையிலும் பாப்கார்னோடு வந்தான். "நீலச் சுடிதார், என் ஆளுதான். கோவிச்சிக்கினு முன்னாடி வந்துட்சி. பக்கத்துல ஒரு சீட் குடுங்கக்கா" என்றான். முகத்தில் நல்ல தயக்கம், நல்ல சிரிப்பு. திரையில் எத்தனை தடவை பார்த்த முகம்! நானும் சிரித்துவிட்டேன். டார்ச்சைத் தரையில் அடித்து, பவானிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட மாதிரி கதவோரம் வந்து நின்றேன்.

அவள் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவனும் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்தேன். திரையில் கதாநாயகன் கதாநாயகியின் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் போய்க்கொண்டிருந்தான், எல்லாரும் கைதட்டினார்கள்.

இடைவேளையில் பவானி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. மூன்று வாரமாகக் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் வருகிறானாம். பேர்கூடத் தெரியாதாம். "நான் தள்ளி உக்காந்தத நீங்க பாத்தீங்க இல்ல?" என்றாள். "ஏதோ கோவம்னு நெனச்சேன்மா" என்றேன். அவள் செருப்பைத் தரையில் போட்டு மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்னா வேணாம்தான்க்கா. உங்களுக்குமா அது தெரியல?"

விதி

இடைவேளை முடிந்ததும் என்னுடைய மடக்கு நாற்காலியில், கதவோரம் அவளை உட்கார வைத்தேன். அவன் எழுந்தான். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு நடைபாதையில் எங்களை நோக்கி வந்தான். நான் டார்ச்சை உயர்த்தி நேராக அவன் முகத்தில் அடித்தேன். தியேட்டரே திரும்பியது.

"லைட்ட எறக்கும்மா" என்று யாரோ கத்தினார்கள். இறக்கவில்லை. "இந்தப் பொண்ணு யாருன்னு சொல்லு. பேரச் சொல்லு" என்றேன். அவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். "படம் பாக்க வந்தவன இப்டி அசிங்கப்படுத்துறியே" என்றான். "படம் அங்க கீதுப்பா. இங்க இல்ல" என்றேன். அவன் வெளியேறும்வரை வெளிச்சம் அவன் கூடவே போனது.

படம் விட்டதும் எத்திராஜ் அண்ணனும் நானும் பவானியோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அவன் நிறுத்தியிருந்த பைக்கை, நம்பர் தெரியும்படி, பவானி போனில் படம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் கம்பெனியில் புகார் கொடுப்பதாகச் சொன்னாள். விதியை மீறியதற்கு நான் எத்திராஜ் அண்ணனிடம் வருத்தம் சொன்னேன்.

"நானும் மேல இருந்து பாத்தேன்மா. இத்தினி வருசத்துல இன்னைக்குத்தான் லைட்டு சரியான ஆளு மேல வுழுந்துச்சி."

அடுத்த ஞாயிறு

மணி அடித்தாயிற்று. பவானி வரவில்லை. அண்ணன் வரைக்கும் பேச்சு போய்விட்டதோ என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் டிக்கெட்டைக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. விளம்பரம் முடிகிற நேரத்தில் ஓடி வந்தாள். பஸ் தாமதமாம். கம்பெனியில் புகாரை வாங்கிக்கொண்டு, செக்யூரிட்டியை விட்டு அவனைப் பிடித்து, இனிமேல் பின்னால் வர மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவனைக் காணோம். அண்ணனிடம் அவளே போன் செய்து, யாரும் முந்திச் சொல்வதற்குள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணன், ஹாஸ்டலுக்கு இருட்டுவதற்குள் போய்விடு என்று மட்டும் சொன்னானாம்.

நடு வரிசையில் தேசம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட் இருந்தது. கொஞ்சம் மீன் வாசனை அடிக்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். தலையாட்டினாள். டார்ச்சைத் தரையில் அடித்துக் கூட்டிப்போனேன். புதிதாக ஒரு கேள்வியும் கேட்டேன்: "கூட யாராச்சும் வராங்களாம்மா?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: "நான்தான் வந்துட்டேனேக்கா."

கதாநாயகியிடமும் யாராவது ஒரு தடவை, கூட யாராவது வர வேண்டுமா என்று கேட்டிருந்தால் பாதிப் படங்கள் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும், தியேட்டரையும் மூடியிருப்பார்கள், நானும் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பேன்.