முன்பலகையும் பின்பலகையும்

'ரெக்ஸின் அக்கா' என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளைத் தவிர மற்ற நாட்களில் அது யாருக்கும் தேவைப்படாது. பஸ், வேன், லாரி இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் பெரிய மெஷின் அவளுடையது. தடித்த ரெக்ஸின் துணியை இரண்டாக மடித்து ஊசிக்கு அடியில் தள்ளித் தள்ளியே இரண்டு தோளும் பயில்வான் தோளாகிவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாரம் முழுக்க அந்த மெஷின், ஞாயிற்றுக்கிழமை தோணி. நடுவில் வேறு எதற்கும் அவள் இடம் வைத்ததில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால்கூட முகத்தைத் தூக்கிக்கொள்வாள்.

தோணி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளுத்துப்போன பச்சை ஃபைபர் தோணி, இரண்டு முனையும் ஒரே மாதிரிக் கூர், உள்ளே குறுக்காக இரண்டு பலகை, ஆளுக்கொரு துடுப்பு. மோட்டார் கிடையாது. மோட்டார் சத்தம் கேட்டால் ஓடையில் இருக்கிற கெளுத்தியெல்லாம் அடுத்த ஊருக்குக் குடிபோய்விடும் என்பது அக்காவின் கட்சி. பாலத்தடியில் கிளம்பி, அகன்ற ஆற்றில் கொஞ்ச தூரம் போய், நாணலுக்கு நடுவே பிரியும் ஓடைக்குள் நுழைந்தால், மரங்கள் தண்ணீர் மேல் கவிழ்ந்து நிற்கும் பெரிய வளைவு வரும். கரையிலிருந்து அங்கே தூண்டில் எட்டாது. மோட்டார் படகுக்கு ஆழம் போதாது. தோணி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வாய்த்த இடம் அது.

முன்பலகையில் அக்கா, பின்பலகையில் அவள் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் வைத்துக்கொண்ட ஏற்பாடு, இருபது வருஷத்துக்கு மேல் மாறவே இல்லை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தோணியைப் பின்னால் இருப்பவர்தான் திருப்ப முடியும். அது அவர் வேலை. தூண்டில் போடுவது அவள் வேலை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் இடது பக்கம்" என்று முணுமுணுப்பாள். தோணி இடது பக்கம் போகும். அந்த மனுஷர் வீட்டில் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பவர். தோணியில் மட்டும் மறுபேச்சு கிடையாது.

போன வருஷம் டிப்போவில் கியர்பாக்ஸ் ஒன்றைத் தனியாளாகத் தூக்கப் போய் அவர் இடுப்பு போயிற்று. ஆபரேஷன் ஆனது. அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டு, கனம் தூக்கக் கூடாது, துடுப்பு கிடுப்பு எல்லாம் மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கட்டிலில் படுத்தார். ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் தோணி கவிழ்த்து வைத்திருந்தது. கண்ணைத் திறந்தால் அதுதான் தெரியும். அதனாலேயே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

"அதைப் பாக்கப் பாக்க எரிச்சலா இருக்கு. யாராவது கேட்டா கொடுத்துடலாம்."

"நான் இருக்கேன்ல? நான் போறேன்."

"நீ முன்னாடி உக்காந்து தூண்டில் போடுவே. பின்னாடி யாரு உக்காருவா, பேயா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அவள் ரெக்ஸின் அக்கா இல்லை. அந்த ஞாயிறே சைக்கிள் சக்கரம் பொருத்திய வண்டியில் தோணியை ஏற்றி, தெருக்கோடி வரை தள்ளி, ஆற்றில் இறக்கினாள். பழக்க தோஷம், நேராகப் போய் முன்பலகையில் உட்கார்ந்தாள். கரையை உந்திவிட்டாள். முள்ளில் புழுவைக் கோத்தாள். நாணல் ஓரமாகத் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.

தோணி வலது பக்கம் போனது. தன் முட்டாள்தனத்தை நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் இல்லாத தோணி இவ்வளவு காலியாக இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த தடவை உஷாராகப் பின்பலகையில் உட்கார்ந்தாள். பாலத்தின் மறைவில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அகன்ற ஆற்றுக்கு வந்ததும் காற்று அடித்தது. பின்னால் ஒரே ஆள் பாரம், முன்னால் ஒன்றுமில்லை. தோணியின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த மூக்கைக் காற்று பிடித்துத் திருகியது. இவள் வலது பக்கம் துடுப்புப் போட்டால் இடது பக்கம் வட்டமடித்தது, இடது பக்கம் போட்டால் வலது பக்கம். கடைசியில் நாணலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. அந்த வழியாக மோட்டார் படகில் வந்த ஐஸ் கடைக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பாலத்தின் மேல் நின்ற ஜனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஐஸ் கடைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் யாருடைய பொருளைப் பார்த்தாலும் அதைத் தன் கடையில் வைத்துப் பார்க்கிற குணம் உண்டு. வீடு வரை கூடவே வந்து, கட்டில் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, இது ரெண்டு ஆளு சமாச்சாரம். சும்மா கிடக்கறதுக்கு எனக்குக் கொடுங்க. என் படகுக்குப் பின்னாடி கட்டி, ஐஸ் பெட்டி ஏத்திக்கிறேன்."

"வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றார் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்தபடியே.

ஐஸ் பெட்டியாம்! கடைக்காரர் தெருமுனை தாண்டும்வரைதான் அக்கா வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"இன்னைக்கு அவர் வந்து இழுத்துட்டு வந்தாரு. நாளைக்கு யாரும் வரலேன்னா? நான் எழுந்து ஓடி வர முடியுமா? இங்க படுத்துக்கிட்டு, வந்தியா வரலியான்னு வாசலையே பாத்துட்டுக் கிடக்கணும். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவருக்குத் தோணி மேல் கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பயம் என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சரி. அந்த ஞாயித்துக்கிழமை காலையில நான் தனியா பெரிய வளைவு வரைக்கும் போய்ட்டு வரேன். யாரும் கயிறு கட்டாம, நானே திரும்பி வருவேன். வந்துட்டா தோணி எங்கேயும் போகாது. முடியலேன்னா நானே தள்ளிக்கிட்டுப் போய் ஐஸ் கடையில விட்டுடறேன். போதுமா?"

அவர், "காத்து ஜாஸ்தியா இருந்தா போகக் கூடாது" என்றார். அவர் அகராதியில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அந்த வாரம் பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. உள்ளே எல்லோரும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு போக வேண்டும், நடு வரிசை இருக்கையைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் போடுங்கள் என்றார் வேன்காரர். பட்டறை ஃபிட்டர் இருக்கையின் போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டார். அதே இருக்கை, அதே இடம், முகம் மட்டும் பின்பக்கம். பஞ்சு அமுங்குகிறதா என்று பார்க்க அக்கா ஏறி உட்கார்ந்தாள். இதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த இடமெல்லாம் இப்போது அவள் கண்ணெதிரே நீளமாகக் கிடந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வண்டி எங்கேயும் போகலை. இறங்குங்க!" என்று கத்தினார் பட்டறை முதலாளி.

முதலாளிக்கு என்ன தெரியும்? அக்கா அப்போது ஆற்றில் இருந்தாள். தோணியின் பின்பலகை முனையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பலகை அப்படி இல்லை. காலை நீட்ட இடம் வேண்டும் என்று நடுவை நோக்கித் தள்ளிப் போட்டிருப்பார்கள். அதே முன்பலகையில் முகத்தைத் திருப்பிப் பின்முனையைப் பார்த்து உட்கார்ந்தால், ஆள் ஏறக்குறைய நடுவில் இருப்பாள். தோணிக்கு இரண்டு பக்கமும் கூர்தானே? எது முன், எது பின் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இத்தனை வருஷம் உட்கார்ந்து தேய்த்த பலகை, திரும்பி உட்காரத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வந்ததும் பாலத்தடியில் இறக்கிப் பார்த்தாள். தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்றை எதிர் முனையில் வைத்ததும், மூக்குத் தூக்கல் அடங்கி, சமமாக நின்றது தோணி. வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் கிளம்பினாள். "லைஃப் ஜாக்கெட் பக்கிளை ஒழுங்கா மாட்டு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

காற்று இன்னும் எழவில்லை, ஆற்றிலும் ஓடைக்குள்ளும் ஒரு தொல்லையும் இல்லை. வளைவு நெருங்கியதும் கயிற்றில் கட்டிய சங்கிலியைத் தண்ணீரில் விட்டாள். அடியில் இழுபட்டுத் தோணியை மெதுவாக்கும் சங்கிலி அது. கடகடவென்று சத்தம் போடாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபுக்குள் நுழைத்துக் கொடுத்திருந்தார் வீட்டுக்காரர். துடுப்பை மெல்லக் காலடியில் படுக்க வைத்தாள். மர நிழலில் தூண்டிலை வீசினாள். புழு அடிக்குப் போனதும் தூண்டில் நரம்பு ஒரு தடவை அதிர்ந்தது, பிறகு விர்ரென்று இழுத்தது. பெரிய கெளுத்தி. தோணியையே விழுந்து கிடந்த மரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தூண்டிலை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் துடுப்பை எடுத்து மரத்தை உந்தித் தள்ளினாள். இரண்டு வேலையும் ஒரே ஆள் செய்வது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். மீசையும் முள்ளுமாக அது வலைக்குள் வந்து விழுந்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் பந்தயம் மீனைப் பற்றியதில்லை. திரும்பிப் போவதைப் பற்றியது.

ஓடை வாயை விட்டு அகன்ற ஆற்றுக்கு வந்தபோது காற்று காத்திருந்தது. போன தடவை எந்த இடத்தில் திருகியதோ, அதே இடத்தில் திருகப் பார்த்தது. அக்கா பலகையை விட்டு இறங்கி, மடித்த சாக்கின் மேல் மண்டியிட்டாள். தோணி ஆட்டம் குறைந்தது. மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, துடுப்பை உடம்போடு ஒட்டிக் குத்தி, இழுத்து, முடிக்கும்போது மணிக்கட்டால் ஒரு திருப்பு. மறுபடியும் குத்தி, இழுத்து, ஒரு திருப்பு. அரை ஆள் நீளம் முன்னேறினால் கால் ஆள் நீளம் பின்னுக்குத் தள்ளியது. தோள் எரிந்தது.

"ரெக்ஸினை விடத் தடிமனா நீ?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

பின்னால் மோட்டார் சத்தம். ஐஸ் கடைக்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "அக்கா, கயிறு போடவா?"

"போட்டா அறுத்துடுவேன்!"

மனுஷர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம், இந்தத் துடுப்பு, அடுத்த துடுப்பு என்று அவள் தண்ணீரை மட்டும் பார்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள். காற்று சட்டென்று நின்றதும் தலையைத் தூக்கினாள். பாலத்தின் மறைவுக்கு வந்திருந்தாள். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சட்டைக்கு மேலே பெல்ட் கட்டியபடி அவள் வீட்டுக்காரர் நின்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தெருவைத் தாண்டியதே இல்லை.

மெல்ல மெல்லப் படியிறங்கி வந்து, முதலில் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அப்புறம் தோணியைப் பார்த்தார்.

"என்ன இது, தோணி ரிவர்ஸ்ல வருது?"

"ரிவர்ஸ் இல்லைங்க. இப்ப அதுதான் முன்பக்கம்."

அவர் பலகையையும் தண்ணீர்க் கேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் சொன்னபடி வந்த ஐஸ் கடைக்காரருக்குப் பாதிக் கெளுத்தி கிடைத்தது. தோணி கிடைக்கவில்லை.

மழைக்காலம் போய் ஆறு தெளிந்த பிறகு, துடுப்புத்தான் கூடாது, சாய்ந்து உட்காரலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா பட்டறையில் மிஞ்சிய ரெக்ஸினை வைத்து, பஞ்சு திணித்த ஒரு சாய்மானம் தைத்து, முன்பலகையில் போல்ட் போட்டு முடுக்கினாள். இரண்டு ஆள் என்றால் தோணி பழையபடிதான் போக வேண்டும். அவள் பின்பலகைக்குப் போனாள். முன்பலகையில் அவர், கையில் அவள் தூண்டில். உட்கார்ந்ததும் புழு டப்பாவைத் தோணி ஓரத்தில் டொக்கென்று வைத்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஓடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் எதிரே அவர் முதுகு. பிடரியில் நரை எப்போது ஏறியது? இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பது எப்போதிலிருந்து? பக்கத்திலேயே இருந்தும் இதையெல்லாம் பார்க்காமல் விட்டிருக்கிறோமே என்று அவளுக்கு மனசு கனத்தது.

"என்னங்க, இத்தனை வருஷம் என் முதுகையே பாத்துக்கிட்டு எப்படி உக்காந்திருந்தீங்க?"

"பின்னே, நான் மீனுக்காகவா வந்தேன்னு நினைச்சே?" என்றார் அவர், திரும்பாமலே. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இடது பக்கம்" என்றார்.

அக்கா மறுபேச்சு இல்லாமல் தோணியை இடது பக்கம் திருப்பினாள்.