நான் யாரைச் சாடுவது?

போன மாசி மாதம், குளச்சலுக்குப் பக்கத்தில் நடந்தது இது. நான் நாகர்கோவிலில் தமிழாசிரியை. என்னோடு பி.எட். விடுதியில் தங்கிப் படித்த தோழிகள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒருத்தி மதுரை, இன்னொருத்தி ஈரோடு. கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் ஒரு பாறைத் தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். தீவு என்பது சும்மா ஒரு பெருமைக்குத்தான். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம்.

ஈரோட்டுக்காரிக்கு அந்தத் தீவின் மேல் அப்படி ஓர் ஆசை. விடுதியில் பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பவள் அவள். இந்தப் பயணத்தைச் சொன்னதும் அவள் மகளே சிரித்தாளாம், அம்மாவாவது கடலாவது என்று. "நாலு பக்கமும் தண்ணி இருக்கற எடத்துல ஒருக்காவாச்சும் நின்னுட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எங்களைப் படகில் கூட்டிப்போன வள்ளக்காரரின் மகள் என்னிடம் படித்தவள். அவர் எங்களுக்கு மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டு, "பாறையில வள்ளத்தக் கட்ட முடியாது. அல தூக்கும்ப நான் சொல்லுவேன், ஒடனே சாடணும், கேட்டியளா" என்றார். மூன்று பேருக்கும் சேர்த்து நானே தலையாட்டினேன்.

கடல் அன்று குளம் போலக் கிடந்தது. மதுரைக்காரி பாடினாள். ஈரோட்டுக்காரி வள்ளத்தின் முன்நுனியில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதனால் முதலில் இறங்க வேண்டியவளும் அவள்தான்.

பாறையை நெருங்கியதும் வள்ளக்காரர் எழுந்து நிற்கச் சொன்னார். அலை தூக்கியது. "சாடு, சாடு" என்று பின்னாலிருந்து கத்தினார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், வள்ளம் பின்வாங்கிவிட்டது. அடுத்த அலை. "சாடுங்கம்மா, எதுக்குப் பாத்துட்டு நிக்கிய?" அவள் முகம் சிவந்ததே தவிர கால் நகரவில்லை. மூன்றாவது முறையும் அதே கதை.

எனக்குப் பாவமாகிவிட்டது. பழைய பல்லிதான் ஞாபகம் வந்தது. "அண்ணே, அவளுக்குப் பயம். வள்ளத்துலயே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் எறங்கிட்டு வாரோம்" என்றேன்.

அவள் வெடித்துவிட்டாள். "பயமா? யாருக்குடி பயம்? அப்பப் புடிச்சு சாடு சாடுங்கறாரு. நான் யாரைச் சாடறது? சும்மா நிக்கற என்னை அவருதான் சாடிட்டிருக்காரு. நீயும் வாயைத் தொறக்காம உக்காந்திருக்கே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மாவட்டத்தில் சாடு என்றால் குதி. ஈரோட்டில் சாடு என்றால் திட்டு. 'கவிஞர் மூடநம்பிக்கையைச் சாடுகிறார்' என்று இருபது வருடமாக வகுப்பில் எழுதிப் போடுகிற எனக்கு, அந்த இரண்டு சாடும் ஒரே வள்ளத்தில் ஏறியிருப்பது தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவள், "இதைக் குதின்னு சொல்லித் தொலையறதுக்கென்ன?" என்றாள். வள்ளக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு எப்பிடிம்மா தெரியும், நீங்க வேற தமிழ்னு" என்றார்.

அடுத்த அலைக்கு, பழக்கமில்லாத வாயால் "குதி" என்று ஒரு சத்தம் போட்டார். சொல் முடியுமுன் அவள் பாறை மேல் நின்றாள். கன்றுக்குட்டி கூட அப்படித் துள்ளாது. இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்து, "சாடுங்கடி" என்றாள்.

மதுரைக்காரி சாடினாள். நான் சிரித்துக்கொண்டே சாடி, பாசியில் வழுக்கி, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தேன். என்னைக் கைகொடுத்துத் தூக்கியதும் ஈரோட்டுக்காரிதான்.

ஈரச் சேலையோடு, கொண்டுபோயிருந்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தின்றோம். அவள் உச்சிப் பாறையில் நின்று மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். திரும்பி வரும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போடி, கிறுக்கி" என்று தோளில் சாய்ந்துகொண்டாள். ஆனாலும் எனக்குள் உறுத்தல்தான். அவள் ஆசை ஆசையாக வந்த ஒன்றை, பயம் என்று நானே பெயர் வைத்து, பறித்துவிடப் பார்த்தேனே.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் விழித்துக்கொண்டு நின்றால், பயம் என்றோ மக்கு என்றோ முடிவு கட்டுவதற்கு முன்னால், நான் சொன்ன சொல் அதற்குப் போய்ச் சேர்ந்ததா என்று என்னையே ஒருமுறை சாடிக்கொள்கிறேன், ஈரோட்டுப் பொருளில்தான்.