தையல்காரியின் உள்ளங்கை

எண்ணெயை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிறாள் தையல்காரி. சூடு பதம்தான். தைத்துக்கொண்டிருந்த சட்டை மெஷின் ஊசியில் மாட்டியபடியே கிடக்கிறது.

"ஒருக்களிச்சுப் படுங்க. தூக்கி வைக்க ஆள் வருமா?"

கணவர் பெயிண்டர். சுவரைப் பிடித்து மேலுடம்பைத் திருப்புகிறார். கால்களை அவள்தான் எடுத்துப் போடுகிறாள். சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதிலிருந்து தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் அதே கால்கள் எரிகின்றன. விலாவைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்குவதுபோல் வேறு. நரம்பு வலி என்றார் டாக்டர். மாத்திரை பாதியைத்தான் தின்கிறது. மீதிக்கு இவள் கை.

அந்தக் கையே ஆரம்பத்தில் எதிரி. துணிச் சுருக்கத்தை நீவுகிற பழக்கத்தில் விலாவை விரல் நுனியால் மெல்லத் தடவினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். தன்மேல் கோபம் என்று நினைத்து இன்னும் மெல்லத் தடவினாள். பிசியோதெரபி செய்கிற பெண் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவருக்கு லேசா தொட்டாத்தான் பிளேடு போட்ட மாதிரி இருக்கு. முழு உள்ளங்கையை வச்சு, ஒரே சீரா, நிதானமா அழுத்துங்க."

தையல்காரி கணவர் பக்கம் திரும்பினாள். "இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீ ஆசையா செய்யற. எப்படிச் சொல்றது?"

மரியாதையாம். சோற்றில் உப்பில்லை என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன மனிதர், விழுந்த பிறகு மரியாதை கற்றுக்கொண்டார். இன்றுவரை எங்கே வலி என்று கேட்டால் "நல்லாருக்கு, போதும்" என்பதுதான் பதில். அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்கிற ஆள் மாதிரி என்று அவளுக்கு எரிச்சல்.

இன்று நாத்தனார் வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். "கால்ல நல்லா இறுக்கித் தேய்ங்க அண்ணி. போன உணர்ச்சி திரும்பி வந்துரும்."

"அது என்ன கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கா போயிருக்கு, சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர? இது நடக்க வைக்கறதுக்கு இல்லம்மா. உங்க அண்ணன் கொஞ்ச நேரம் நிம்மதியா உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடறதுக்கு."

பெயிண்டரின் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நின்று, கை தலையணையைக் கெட்டியாகப் பிடிக்கிறது.

"போதும். நல்லாருக்கு. நீ போய் தை."

"நல்லாருக்கறவர் எதுக்குத் தலையணையை அந்தப் பிடி பிடிக்கிறீங்க? எனக்கும் கை வலிக்குதுங்க. வேண்டாத இடத்துல அழுத்தி வீணாக்க என்கிட்ட தெம்பில்ல."

நாத்தனார் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள்.

சுவரைப் பார்த்தபடியே அவர் தலையணையை விடுகிறார். கையைப் பின்னால் கொண்டுவந்து, முதுகு நடுவில் இருந்த மனைவியின் கையைத் தேடிப் பிடித்து, இடது விலாவுக்குக் கீழே இழுத்து வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையால் அழுத்துகிறார்.